ஒன்பது பங்கு நல்ல தண்ணீர்

"வெயில்ல வச்சா தண்ணி வத்தும்லா. எப்படி சுத்தமாகும்?" என்று கேட்டார் மாமா, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு. "பெரிய படிப்பு படிக்கிற புள்ள, இதுகூட தெரியலயா?"

அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா பங்சாரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளியை முடித்த முதல் ஆள் நான். முதுகலை ஆய்வு வரை வந்தவளும் நான்தான். மாமாவைப் பார்த்துச் சிரித்தேன்.

பழத்தில் எண்ணெய் பிழியும் செம்பனை ஆலைகள் கழிவுநீரைக் குளங்களில் தேக்கி, அழுக்கைக் கிருமிகள் தின்ன விடுகின்றன. ஆனால் கடைசிக் குளத்திலும் தே ஓ நிறம், பால் விடாத தேநீரின் நிறம், போகாது. பழத்திலிருந்து வந்த துவர்ப்புப் பொருள்கள் தரும் நிறம் அது. அவை கிருமிகளுக்கு எளிதில் செரிக்காது. வெள்ளைப் பெயின்டில் சேர்க்கிற டைட்டானியப் பொடியைக் கலந்து வெயிலில் வைத்தால் அவை உடையும். அதுதான் என் ஆய்வு; ஆய்வுக்கூடத்தில் உடைத்துக் காட்டியிருக்கிறேன்.

அங்கே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு பங்கு கழிவுநீருக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணீர் சேர்ப்போம்; இல்லாவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்காது. சீனியர்கள் செய்தார்கள், நானும் செய்தேன். ஆலையில் இது நடக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

கிள்ளானுக்கு வெளியே ஓர் ஆலையின் மேலாளர் கேட்டார். எனக்காக ஒரு தொட்டியை ஒதுக்கித் தந்தவர் அவர். அங்கே தேறினால்தான் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். அது இல்லையென்றால் பட்டம் இல்லை. கால நீட்டிப்பும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

"நல்ல தண்ணி பைப்பு எங்க சார்?"

"எதுக்கு?"

சொன்னேன். சிரித்துவிட்டார். "ஒரு தொட்டிக்கு ஒம்பது தொட்டியா! அவ்ளோ ஊத்துனா உன் பவுடரே வேணாம்லா, தங்கச்சி. அப்படியே விட்டா ஆத்துக்கே தெரியாது."

நல்ல தண்ணீர் கலக்காமலே செய்து பார்த்தேன். பொடி விழுந்ததும் தே ஓ, பால் விட்ட தே தாரேக் ஆனது. சாயங்காலமும் தே தாரேக்தான். பொடி அடியில் படிந்ததும் மறுபடி தே ஓ.

"அடுத்த வாரம் தொட்டி எனக்கு வேணும்மா," என்றார் மேலாளர். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் கோபமாவது பட்டிருப்பேன்.

மிச்சக் கழிவுநீரைப் பிளாஸ்டிக் கேனில் எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறினேன். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். வீட்டுக் கதவைத் திறந்த மாமா, "என்னம்மா, வத்திருச்சா?" என்றார். குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொல்வது? இத்தனை வருஷம் பாத்திரம் கழுவி அவர் கை வெந்தது எதற்கு?

அழுது முடித்தபோது கேன் கசிந்திருந்தது. வெள்ளை ஓடுகளின்மேல் கழிவுநீர் மெல்லிசாகப் பரவி, அடியில் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. நிறமே இல்லாததுபோல் இருந்தது. இவ்வளவு மெல்லிசாக ஓடவிட்டால் வெளிச்சம் அடிவரை போகும். ஒரு சொட்டு நல்ல தண்ணீர் வேண்டாம்.

மறுநாள் கேனில் மிஞ்சியதைக் கேக் தட்டுகள் இரண்டில் நகக்கண் ஆழத்துக்கு ஊற்றி, ஒன்றில் மட்டும் பொடி போட்டு வெயிலில் வைத்தேன். மாமா சொன்னது பாதி சரி, இரண்டுமே பாதிக்கு மேல் வற்றியிருந்தன. பொடி இல்லாதது வற்றிக் கறுத்துவிட்டது. மற்றதைத் தெளியவிட்டுப் பார்த்தேன், கறுக்கவில்லை. வெளுத்தது என்றும் சொல்ல முடியாது.

மேலாளர் என் அழைப்பை எடுக்கவில்லை. தொட்டி வேண்டாம், ஆலையின் சரிவான தகரக் கூரை மட்டும் போதும், அதன்மேல் மெல்லிசாக ஓடவிடுகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டேன். இதைக் கிள்ளானுக்குப் போகும் ரயிலில் இருந்துதான் எழுதுகிறேன். மடியில் தட்டுகள், காலடியில் காலி கேன்.