கோர்டோபாவில் கழற்றிய செருப்பு

எங்கள் அமெரிக்க ஊர் பேர்லேண்டிலிருந்து ஸ்பெயினுக்கு ஸ்கூல் ட்ரிப் வந்திருக்கும் இருபது பேரில் தமிழ்ப் பெண்கள் இரண்டே பேர்: நானும் காவ்யாவும்.

இன்று மத்தியானம் கோர்டோபாவின் பெரிய தேவாலயத்துக்குப் போனோம். வாசலில் காவ்யா செருப்பைக் கழற்றிவிட்டாள். வெயிலில் கொதித்த கல்லில் நிற்க முடியாமல் குதித்தாள். மற்றவர்கள் எல்லோரும் ஷூவோடுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை.

"ஹலோ, திஸ் இஸ் நாட் பேர்லேண்ட் டெம்பிள்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "நீ குனிஞ்சு லேஸ் அவுத்தத பாத்துட்டுதானேடி நானும் கழட்டினேன்?"

உண்மைதான். கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் என் கை தானாக லேஸுக்குப் போயிருந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவசரமாக முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

"சாரிடி" என்றேன்.

"இட்ஸ் ஓகே" என்றாள்.

என்னிடம் அவள் தமிழில் மட்டும்தான் பேசுவாள். இங்கிலீஷில் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

இன்னும் ஐந்து நாள் இதே பஸ், பக்கத்துப் பக்கத்து சீட். அவளை மறுபடி தமிழில் பேச வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டினாலும் போதும்.