ஊமை என்று சொன்னேன்

பெற்ற அம்மாவை நாலு பேர் முன்னால் ஊமை என்று சொன்னேனே, அது சமயோசிதமா, துரோகமா? ஒன்பது வயதில் செய்த காரியம். இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

போன வாரம் இந்த வருடத்தின் முதல் மழை பெய்தது. செம்பூர் பஸ்ஸில் ஏறியதும் நனைந்த ரெக்சின் சீட்டின் வாடை வந்தது. சீட்டை விட்டு எழுந்து நின்றுகொண்டேன். பால் பொங்கினாலே பதறுகிறவள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் இந்த வாடைக்குக் காரணம் உண்டு.

இருபது வருடத்துக்கு முன்னால், அறுபதுகளின் கடைசி. தாராவியில் ஒற்றை அறையில் இருந்தோம். தெற்கத்திக்காரர்கள் பம்பாயை விட்டுப் போக வேண்டும் என்ற கோஷம் கேட்ட நாட்கள். தமிழ்ப் பலகைகளைக் கடைக்காரர்களே கழற்றி உள்ளே வைத்தார்கள். கோவண்டிப் பட்டறைக்கு வேலைக்குப் போன அப்பா இரண்டு நாளாகத் திரும்பவில்லை. மூன்றாம் நாள் காலையில் அம்மா தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டாள். தலைப்பூவை எடுத்தாள். திருநீற்றைத் துடைத்தாள். இரண்டு பக்க மூக்குத்தியும் எங்கள் ஊரைக் காட்டிக்கொடுக்குமே! எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தாள். மூக்கு சிவந்ததுதான் மிச்சம். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

"ஏளா, யாரு என்ன கேட்டாலும் நீயே பதில் சொல்லு. நான் வாயத் தொறந்தா திருநவேலி வந்து நிக்கும்."

உண்மைதான். குழாயடியில் அம்மா பேசினால் அடுத்த சந்துக்குக் கேட்கும். "மைக்செட்டு வந்தாச்சு, வழிய விடுங்க" என்பார்கள் மற்றப் பெண்கள்.

அன்றும் மழை, நாங்கள் ஏறிய பஸ்ஸில் ரெக்சின் சீட்டெல்லாம் நனைந்திருந்தது. சுனாபட்டியில் நான்கு இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவன் அம்மாவிடம் எந்த ஊர் என்று மராத்தியில் கேட்டான். பக்கத்து வீட்டில் கற்ற மராத்தியில், "இதே ஊர்தான்" என்றேன்.

"உன்னைக் கேட்கவில்லை. அவள் சொல்லட்டும்."

"ஆயி முகீ ஆஹே" என்றேன். அம்மா ஊமை.

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். தொண்டைப்புண் என்றிருக்கலாம். இப்போது ஆயிரம் தோன்றுகிறது.

அவன் சிரித்துக்கொண்டே அம்மாவின் கால் விரல்மேல் செருப்பை வைத்து அழுத்தினான். குடம் இடித்தாலே "எம்மா!" என்று ஊரைக் கூட்டுகிறவள். அவளிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. தூக்குவாளியை மட்டும் மடியோடு இறுக்கிக்கொண்டாள். பின் சீட்டிலிருந்த மராத்திக்காரப் பெண்மணி எழுந்து, "விடுடா, பாவம் வாயில்லாதவள். உனக்கு அம்மா இல்லையா?" என்று அவனை அதட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் நால்வரும் இறங்கிப் போனார்கள்.

அப்பா பத்திரமாக இருந்தார். பட்டறை முதலாளியும் மராத்திக்காரர்தான். வெளியே விடாமல் தன் வீட்டுச் சாப்பாட்டைக் கொடுத்து வைத்திருந்தார்.

"ஏன் வந்திய? வழியில ஒண்ணும் ஆகலியே?" என்று அப்பா பதறினார். அம்மா என்னைக் கை காட்டினாள். நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் கறுத்துப்போன விரலைப் பார்த்துக்கொண்டே வாய் திறந்தாள். "ஒம்ம மவதான் என்னைய இங்க கொண்டாந்து சேத்தா."

சந்து முழுக்க அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். ஆனால் அதன்பிறகு எந்தப் பஸ்ஸிலும் அவள் பேசியதில்லை. எல்லாம் அடங்கிய பிறகும்கூட, இறங்கும் இடம் வந்தால் என் தோளைத் தட்டுவாள். பயமா, என்மேல் வருத்தமா? நான் கேட்கவில்லை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. அந்தப் பட்டறை இல்லை, ஒற்றை அறை இல்லை, குழாயடியில் அந்தக் குரலும் இல்லை.

என் மகளுக்கு ஐந்து வயது. இப்போது பஸ்ஸில் யாரும் எங்களை எந்த ஊர் என்று மிரட்டுவதில்லை. ஆனாலும் நேற்று, "பசிக்குதா கண்ணு?" என்று கேட்டதற்கு என் கையைக் கிள்ளி, "மம்மி, இங்க தமிழ் வேணாம்" என்று கிசுகிசுத்தாள். நான் அப்படி எதுவும் சொல்லித்தரவில்லை. ஆனால் பஸ் ஏறியதும் நானே குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

நடந்ததைச் சொன்னால் அவளுக்கும் பயம் ஒட்டிக்கொள்ளுமோ? சொல்லாவிட்டால், எதற்கு என்றே தெரியாமல் பயந்துகொண்டிருப்பாளோ? பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். இதை எந்த வயதில் சொல்லலாம், எங்கிருந்து தொடங்கலாம்?