செல்லத்தாயின் கையெழுத்து

என் முடிவை ஒரு பெண்ணின் தலையில் கட்டிவிட்டு ஒளிந்துகொண்ட மருத்துவன் நான். நோயாளிகளே, நீங்கள் என்னைக் கும்பிடும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது!

மேகமலைச் சாலையில் ஜீப் கவிழ்ந்து, தலையில் அடிபட்டு, மொக்கராசு எங்கள் தேனி மருத்துவமனைக்கு வந்தார். எட்டு மாதம் கிடந்தார். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. மூச்சுக்கு இயந்திரம், சாப்பாட்டுக்கு மூக்கில் குழாய். அவர் மனைவி செல்லத்தாய் வருசநாட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து அவர் காலைத் தேய்த்துவிடுவார்.

இனி நினைவு திரும்பாது, இயந்திரத்தை நிறுத்துவதே சரி. அவரைக் கவனித்த நான்கு மருத்துவர்களும் தேநீர் குடித்தபடி ஒப்புக்கொண்டோம். ஆனால் கோப்பில் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. அதற்கு முறை இருக்கிறது... குழு கூட வேண்டும், கையெழுத்திட வேண்டும், கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். நமக்கு எதற்கு வம்பு!

அதனால் வழக்கம்போலச் செய்தோம். வாயால் ஒன்று சொல்வது, காகிதத்தில் வேறொன்று வாங்குவது.

செல்லத்தாயிடம், வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இங்கே செய்ய ஒன்றுமில்லை என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதேன் டாக்டர்" என்று, நீட்டிய படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அதில் என்ன இருந்தது தெரியுமா? மருத்துவரின் ஆலோசனையை மீறி, என் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்கிறேன்...

எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. பேனா கொடுத்ததே நான்தான்! த்தூ... இதுவும் ஒரு பிழைப்பா?

வீடு போய்ச் சேர்ந்து, வழியெல்லாம் ஆம்புலன்ஸில் பையை அழுத்திக் கொடுத்துவந்த செயற்கை மூச்சை நிறுத்திய சற்று நேரத்தில் மொக்கராசு இறந்தார். கருமாதியன்று அவருடைய அண்ணன் அந்தப் படிவத்தின் நகலை எல்லோர் முன்னும் வாசித்திருக்கிறார்.

போன மாதம் செல்லத்தாய் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கேட்டு என்னிடம் வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"நீங்க வேணாம்னு சொல்லியும் நாந்தேன் கூட்டிட்டுப் போய்க் கொன்னுட்டேனாம். ஊருல அப்படித்தேன் சொல்றாக. நீங்க போகச் சொன்னதாத்தேன் எனக்கு நெனப்பு டாக்டர்... அன்னைக்கு என்ன சொன்னீக?"

குரலில் குற்றச்சாட்டே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம், நான்தான் சொன்னேன் என்று ஒரு வார்த்தை... அதைச் சொல்ல எனக்கு என்ன கேடு?

அதெல்லாம் இப்போது எதற்கு, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றேன். தூங்குவதற்கு ஒரு மாத்திரை சேர்த்து எழுதினேன்.

அவர் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டார்.

"அப்ப நாந்தேன்" என்றார்.

கும்பிட்டுவிட்டுப் போனார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.