அரை ஆளுக்கு அரை மாத்திரை

விருத்தாசலத்தில் மருந்துக் கடை நடத்துகிறேன். மருந்து தீர்வதற்கு முன்னால் என் தொண்டைத் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா?

பெயிண்ட் கணக்கு

செராமிக் யூனிட்டில் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறவர் ஒருவர். மூன்று வயது மகளுக்குக் காய்ச்சலாம். தான் போடும் வலி மாத்திரையையே பாதியாக உடைத்துத் தரச் சொன்னார். குழந்தை என்றால் நம்மில் பாதி என்று அர்த்தமில்லை, அதன் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாளுகிற விதமே வேறு, சில மருந்துகளைத் துளிகூடத் தரக்கூடாது என்று மூச்சுமுட்டச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பெரிய பொம்மைக்கு அரை டப்பா பெயிண்டு, சின்னதுக்குக் கால் டப்பா. அதே கணக்குதாங்க. வேணும்னா கால் மாத்திரையா குடுங்க."

பஸ் தூக்கம்

பெண்ணாடம் பஸ்ஸில் பையன் அழாமல் தூங்கட்டும் என்று, தன்னுடைய சளி மாத்திரையைக் கொஞ்சம் கரைத்துக் கொடுத்திருக்கிறார் ஓர் அம்மா. பெரியவர்களைச் சாய்க்கிற மாத்திரை சில குழந்தைகளை ஆட்டம்போட வைக்கும். சில குழந்தைகளுக்கு மூச்சே தடுமாறும். இதைச் சொன்னதற்கு என்மேல் பாய்ந்தார்.

"நான் போட்டா தூக்கம் வருது, இவன் கண்டக்டர் பையப் புடிச்சுத் தொங்குறான். ஒரே அட்டைல ரெண்டு விதமா வச்சு விக்கிறீங்களா?"

மூன்று மூடி

இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

எட்டு மாதக் குழந்தையோடு காய்ச்சல் சிரப் கேட்டு ஓர் இளம்பெண் வந்தாள். சிரப் தீர்ந்திருந்தது, கடையில் நல்ல கூட்டம். அதே மருந்தின் சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தேன். சொட்டு மருந்துக்கு வீரியம் அதிகம். ஒரு வேளைக்கு ஒரு மில்லிகூட வேண்டாம். மறுநாள் காலை அதே குழந்தையோடும் காலி பாட்டிலோடும் வந்து நின்றாள். பழைய சிரப் மூடியில் நிறைய ஊற்றி மூன்று வேளை கொடுத்தாளாம்.

கடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிவரை அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அத்தனை மருந்தை அந்தச் சின்னக் கல்லீரல் தாங்குமா என்று இரண்டு நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது. வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"எவ்ளோ குடுக்கணும்னு நான் ரெண்டு தடவ கேட்டங்க. எல்லாம் ஒரே மருந்துதான், போயிட்டு வாங்கன்னு சொன்னீங்க."

கேட்காதவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொன்னவன், கேட்ட ஒருத்திக்குச் சொல்லவில்லை.