சயின்ஸ் படித்த பையன்

"ஆர்ட்ஸ் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்?" என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். அப்பாவின் காலத்துக்குப் பிறகு, போர்ட் பிளேரில் முப்பது வருடத்துக்குக் குறையாமல் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவன் நான். வாய்க்கு வந்தபடி திட்டிவிடுவேன். திட்டி முடித்ததும் வாய் கசக்கும், ஏனென்றால் அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அது ஏன் என்பதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தமான் தீவில் கல்லூரி கிடையாது. மேலே படிக்க வேண்டுமென்றால் நாலு நாள் கப்பலில் மெயின்லேண்ட் போக வேண்டும். தீவுப் பிள்ளைகளுக்கென்று மெட்ராஸில் சில இடங்களை ஒதுக்கி, உதவித்தொகையும் கொடுத்தார்கள். முதல் வருடமே பெயிலானால் இரண்டும் போய்விடும். போர்ட் பிளேரில் எங்கள் குடியிருப்பான லம்பா லைனிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் நான்தான். மர மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன படிக்கப் போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை, படிக்கப் போகிறேன் என்பதே போதுமாக இருந்தது.

கேட்டவர் ஒரு காண்ட்ராக்டர். யாராவது மெயின்லேண்ட் போனால் லைனே கப்பல் துறை ஜெட்டிக்கு வந்து வழியனுப்புவது எங்கள் வழக்கம். அத்தனை பேர் நடுவில் வைத்துக் கேட்டார். சரித்திரம் என்றேன்.

"சரித்திரமா? அரே, அதுக்கு எதுக்குடா கப்பல் டிக்கெட்? நம்ம ஜெயிலை ஒரு சுத்து சுத்திட்டு வந்தா முடிஞ்சது!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட மனசோடு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அப்பாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். கப்பல் கிளம்பும்போது அவர் கையசைக்கவில்லை.

முதல் சுட்டிக்கு, அதாவது லீவுக்கு, ஊர் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒருவர் பாடாத ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இன்னொருவர் ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது, வந்து பார் என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மாதான் அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னாள். காலேஜில் என்னை சயின்ஸுக்கு மாற்றிவிட்டார்கள் என்று அப்பா லைன் முழுக்கச் சொல்லியிருக்கிறார். மெட்ராஸ் போய்ப் பார்த்துவிட்டு வர யார் இருக்கிறார்கள்? கப்பல் கொண்டுவரும் சேதிதான் சேதி, அதையும் நான்தான் கொண்டுவர வேண்டும்.

அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "ஏல, நான் இந்த லைன்ல இப்பத்தான் தலை நிமிந்து நடக்கேன். அதுல மண்ணப் போட்றாத."

போடவில்லை. ஆட்டுக்கு ஓமத்தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பிழைத்துக்கொண்டது, சனியன். அதற்குப் பிறகு என்னை டாக்டரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வருடச் சுட்டியில் பக்கத்து வீட்டுப் பெண் பள்ளி முடித்திருந்தாள். அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக்காரர், வலையும் ஜெபமாலையும் தவிர வேறொன்றும் தெரியாதவர். அவளுக்கும் மெட்ராஸில் இடம் கிடைக்கும் என்று ஆகியிருந்தது. தண்ணீர்க் குழாயில் வரிசை நின்றபோது என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எனக்குச் சரித்திரம்னா உசுரு. சயின்ஸுல ஏதோ தட்டுத்தடுமாறிப் பாஸாயிட்டேன். அப்பா சயின்ஸ்தான்னு ஒத்தக்கால்ல நிக்காரு. நீங்க சொன்னா கேப்பாரு. சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே சொல்லத்தான் இருந்தேன். அவளோடு நின்று மன்னர்களையும் படையெடுப்புகளையும் பற்றி அரைமணி நேரம் பேசினேன். சயின்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. அந்த இரண்டு வருடத்தில் தீவில் நான் சந்தோஷமாகப் பேசிய ஒரே அரைமணி நேரம் அதுதான்.

மறுநாள் மத்தியானம் அப்பனும் மகளும் காலேஜ் விண்ணப்ப ஃபாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"தம்பி, இந்தப் புள்ள சரித்திரம் படிக்கணும்னு அடம்புடிக்கி. எனக்கு எழுத்து வாசனை கெடையாது. நீ காலேஜு படிச்சவன். எது நல்லதுன்னு நீயே ஒரு வார்த்தை சொல்லு, அதையே எழுதிருவோம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் லேசாகச் சிரிப்பு, காரியம் முடிந்துவிட்டது என்கிற சிரிப்பு. என் அப்பா கதவோரம் நின்றார். தொண்டையை ஒரு தரம் செருமினார், அவ்வளவுதான்.

சரித்திரம் நல்லது என்றால் நீ ஏன் படிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதோடு அப்பாவின் பொய் வெளியே வந்துவிடும்.

"சயின்ஸே எழுதுங்க மாமா" என்றேன்.

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு போனது. "கஷ்டமா இருக்குமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"பழகிரும்" என்றேன். பாவி.

மெட்ராஸில் அவள் கல்லூரியும் என் கல்லூரியும் பஸ்ஸில் அரைமணி தூரம். முதல் மாதமே அவளிடமிருந்து கடிதம் வந்தது. "அண்ணே, ஃபிசிக்ஸ் ஒண்ணும் ஏறமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்து சொல்லிக் குடுங்க. வார்டன்கிட்ட உங்களை என் கூடப்பொறந்த அண்ணன்னு எழுதிக் குடுத்திருக்கேன்." ஃபிசிக்ஸ் புத்தகத்தின் அட்டையைக்கூட நான் பார்த்ததில்லை. பரீட்சை இருக்கிறது என்று பதில் எழுதினேன். இரண்டாவது கடிதத்துக்கு உடம்பு சரியில்லை என்றேன். மூன்றாவதில் ஒரே வரி: "இந்த ஞாயிறாவது வருவீங்களா?" அதற்குப் பதிலே எழுதவில்லை. அந்த ஞாயிறு நாலு மணிக்கு நான் மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருடம் நான் பி.ஏ. பாஸானேன். அவள் பெயிலானாள். ஊருக்குத் திரும்ப இரண்டு பேருக்கும் ஒரே கப்பல்.

இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் கீழ்த்தளத்துப் படுக்கையில் சுருண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் தாங்க முடியவில்லை. மேல்தளத்தில் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஆள் பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பா சொன்ன பொய், நான் படித்தது சரித்திரம், அவளைப் பார்க்க வராமல் ஒளிந்தது. அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

"மூணு வருஷமும் படிக்கப் புடிச்சிருந்துச்சா அண்ணே?" என்று கேட்டாள்.

"புடிச்சிருந்துச்சு."

"அது போதும்" என்றுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

ஜெட்டியில் லைன் மொத்தமும் நின்றது. எனக்கு மாலை வைத்திருந்தார்கள். காண்ட்ராக்டரே முன்னால் வந்து என் கழுத்தில் போட்டு, "நம்ம லைனோட மொத சயின்ஸ் பட்டதாரி!" என்று கத்தினார். அப்பா என் தோளில் கை வைத்து நின்றார். அவள் தன் டிரங்குப் பெட்டியோடு கடைசியாக இறங்கினாள். அவள் அப்பா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, தம்பியும் அந்த சயின்ஸைத்தான படிச்சான்? அவன் பாஸாயிட்டு வாரான். ஒனக்கு மட்டும் என்ன கேடு?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் என் கழுத்து மாலையை ஒரு தரம் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் போதும். திறக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். திறக்கக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

"அண்ணனுக்கு மூளை இருக்கு, படிச்சிட்டாங்க. எனக்கு மண்டையில ஒண்ணும் இல்லப்பா."

"பொட்டப்புள்ளைய அனுப்புனது என் தப்பு. போதும், இனி படிப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார் அவர். பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் பின்னால் போனாள். யாரோ என்னைப் பேசச் சொன்னார்கள். மாலையோடு நின்று, எல்லோருக்கும் நன்றி என்றேன்.