நிமிஷக்கா

வாசல் கதவு திறந்ததும் நிமிஷக்காவின் கை ஆணிக்குப் போய்விடுகிறது. “உக்காருங்க சார், மூணாம் நம்பர். உங்க நேரம் ஓட ஆரம்பிச்சாச்சு.” படை மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு ஆணிகள், ஆணிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஸ்டாப்வாட்சுகள். மருத்துவர் நம்மை உள்ளே கூப்பிட்ட நொடியில் நம் கடிகாரம் நிற்கும், நிமிடக் கணக்கு பதிவேட்டில் ஏறும். வந்தவர் சிப்பாயா, பெரிய அதிகாரியா, என்னைப் போல ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றுத் தொப்பை வளர்த்தவரா என்பதெல்லாம் அந்தக் கடிகாரங்களுக்குத் தெரியாது. என் முழங்காலுக்குக் கிடைத்தது பதினேழு நிமிடம்.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை மருத்துவப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார். மாடி வார்டில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, போன வருடம்தான் கெஞ்சிக் கேட்டு இந்த மேசைக்கு வந்தார். வீட்டிலும் குக்கரிலிருந்து குளியலறை வரை எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிறாராம். ஒருநாள் சாப்பாட்டுப் பை கொண்டுவந்த அவர் கணவர் என்னிடம் அலுத்துக்கொண்டார். “கல்யாணம் ஆன புதுசுல இவளுக்குக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கக்கூட ஞாபகம் இருக்காது சார்.”

மருத்துவர்களுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம். கோப்பையும் கையுமாக நின்ற இளம் டாக்டரிடம் அவர் சொன்னதைக் கேட்டேன். “டீயை நான் சுட வெச்சுத் தரேன். நீங்க போய் ரெண்டாம் நம்பரைப் பாருங்க. இருபத்தாறு ஆச்சு.” முப்பதைத் தாண்டினால் சிவப்பு மையில் எழுத வேண்டும் என்பது விதி. அதற்குப் பயந்து பக்கத்து மேசை எழுத்தர் ஒருமுறை முப்பத்தொன்றை இருபத்தொன்பது ஆக்கிவிட்டார். கண்டுபிடித்ததும் அக்கா கத்திய கத்தலில் கூடமே எழுந்து நின்றதாம். “ரெண்டு நிமிஷத்துல என்னக்கா குடி முழுகிப் போச்சு?” என்று அவர் கேட்க, “அந்த ரெண்டு நிமிஷம் உக்காந்திருந்தவர்கிட்டப் போய்க் கேளு” என்றாராம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று இரண்டாம் வாரம் கேட்டேவிட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

அவருடைய தம்பி படையில் லாரி ஓட்டியவர். ஒரு பயணத்தில் முன்னால் போன வண்டி கண்ணெதிரே வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. மனநல மருத்துவரைப் பார்க்க இங்கே வந்து, அதோ அந்த ஏழாம் நாற்காலியில் மூன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அக்கா அப்போது மாடியில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி வந்ததே தெரியாது. அந்த மாத அறிக்கையில் ‘புகார் ஏதும் இல்லை’ என்று எழுதி, மருத்துவமனைக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. தம்பி வேலையை விட்டார், வீட்டையும் விட்டார். இப்போது ஏதோ சரக்கு லாரி ஓட்டுகிறார்.

“ஒரு ஆள் எழுந்து போயிட்டா, அதை எழுத ஒரு கட்டம்கூட இல்ல சார் அந்தப் பதிவேட்டுல” என்றார். இப்போது இருக்கிறது. அதை அவர்தான் போட்டார். அவர் இந்த மேசைக்கு வந்த புதிதில் நூற்றுப் பதினான்கு நிமிடமாக இருந்த காத்திருப்புச் சராசரி இன்று பத்தொன்பது.

வியாழக்கிழமைதோறும் பதினொரு மணிக்குத் தம்பிக்குப் போன் செய்கிறார். தம்பி எடுப்பார், பேச மாட்டார், வைத்துவிடுவார். அந்த மௌனத்தையும் அக்கா விடுவதில்லை, ஏழாம் கடிகாரத்தில் அளக்கிறார். முதல் தடவை ஆறு நொடி. போன வாரம் ஒரு நிமிடம் ஐம்பது நொடி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் மூன்றாவது முறை போனது ஒரு வியாழக்கிழமை. அன்று தம்பியின் கோப்புக்குக் கடைசி நாள். ஒரு வருடம் வராதவரின் கோப்பு மூடப்படும். போனிலாவது நோயாளியின் குரலைக் கேட்டதாகப் பதிந்தால் இன்னொரு வருடம் திறந்திருக்கும். மூடிவிட்டால் பழைய படைப்பிரிவில் போய்க் கடிதம் வாங்கி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் திசைக்கே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்கிறவர் எங்கே போய்க் கடிதம் வாங்குவார்?

தலைமை மருத்துவர் நல்ல மனிதர்தான். மேசையருகே வந்து தயங்கிச் சொன்னார். “அக்கா, இந்த வருஷம் முடிக்க வேண்டிய பழைய ஃபைல்ல பாக்கி இது ஒண்ணுதான். பன்னெண்டு மணிக்கு மூடிட்டா நூத்துக்கு நூறு. உங்க உழைப்புதானே அது?”

அவர் போனதும் என் பழைய ஸ்டோர் புத்தி வேலை செய்தது. “பேசினான்னு எழுதிட்டுப் போங்களேன். யார் பார்க்கப் போறா?”

“அப்ப முப்பத்தொண்ணை மாத்தினவனை நான் எதுக்கு சார் திட்டினேன்?” என்று கேட்டுவிட்டு, எண்களை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்கப்பட்டது. ஏழாம் கடிகாரம் ஓடத் தொடங்கியது. பழைய போன், அந்தப் பக்கத்து எஞ்சின் உறுமல் எனக்கே கேட்டது.

“நான்தான்டா. பேச வேணாம். இன்னிக்கு உன் ஃபைலை மூடிடுவாங்க. உன் குரல் கேக்கணும், அவ்வளவுதான் விதி. இருமு, போதும்.”

எஞ்சின் அணைந்தது. வேறொன்றும் இல்லை. அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லடா. பத்தொம்பது நிமிஷம்தான். நான் வாசல்லயே இருக்கேன். மாடியில இல்ல.”

வெகுநேரம் கழித்து ஓர் இருமல் கேட்டது. வறண்ட, சின்ன இருமல். தொடர்பு அறுந்தது.

படிவத்தில் ‘குரல் கேட்டதா’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்தார். ‘நோயாளி கூறியது’ என்ற இடத்தில் ‘இருமினார்’ என்று எழுதினார்.

கதவு திறந்தது. கையில் கட்டுப் போட்ட இளம் சிப்பாய் ஒருவர் வந்தார். காலியாக இருந்தது ஏழாம் நாற்காலி மட்டும்தான். அக்கா அதைக் காட்டிவிட்டு ஏழாம் ஆணிக்குக் கையை நீட்டினார். தம்பிக்காக ஓடவிட்ட அந்தக் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி, பதின்மூன்று. அதை நிறுத்தாமல் கையை எடுத்துக்கொண்டார். அந்தச் சிப்பாயின் நேரத்தை மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்.