பிறசர் குளிசைக்குள் பாம்பு

எனக்கு வாய் சும்மா இருக்காது. துறைமுகத்தில் வேலை முடிந்து வந்து, எங்கேயோ படித்த ஒரு புதினமான செய்தியை மனைவியிடம் கொட்டாவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கு அவள் இரத்த அழுத்தத்துக்குப் போடும் பிறசர் குளிசையைக் கையில் எடுத்தபோது சொன்னேன்: "இஞ்சாரும், இது என்னத்திலயிருந்து வந்தது தெரியுமோ? பாம்பு விசத்திலயிருந்து!"

ஒரு விரியன் கடித்தால் பிறசர் விழுந்துபோவது ஏன் என்று அதன் விசத்தை ஆராய்ந்துதான் அந்த மருந்துக்கு வழி கண்டார்களாம். இப்போது குளிசை தொழிற்சாலையில் செய்வது. அதில் பாம்பும் இல்லை, விசமும் இல்லை. அதையும் படித்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் கதையில் காரம் குறைந்துவிடும், பாருங்கள்.

அவள் தம்பலகாமத்துக்காரி. அங்கே வயல்கரைப் புற்றில் நாகதம்பிரானுக்குப் பால் வைத்து நேர்ந்தபிறகுதான் எங்களுக்கு மகள் பிறந்தாள். வளவுக்குள் பாம்பு வந்தால் கும்பிட்டு வழிவிடுவாள். இவ்வளவும் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்ன மடையன் நான்.

"குளிசை போட்டனீரோ?" என்று கேட்டால் "ஓம், போட்டனான்" என்பாள். நம்பினேன். ஒரு காலை குசினியில் அடுப்புக்கு முன்னால் விழுந்து கிடந்தாள். வாய் கோணி, வலது கை விளங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுத் திரும்பியபிறகுதான் சொன்னாள், என் கதையைக் கேட்ட நாளிலிருந்தே குளிசையை எறிந்துவந்தாளாம். "அந்தச் சீவனைப் பிடிச்சு நசுக்கி எடுத்ததை நான் எப்பிடி விழுங்குறது?"

விசமே இல்லையென்று தலையில் அடித்துச் சொன்னேன். "அண்டைக்கு இருக்கெண்டீங்கள், இண்டைக்கு இல்லையெண்டுறீங்கள். எனக்காகப் பொய் சொல்லாதேங்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போலிருந்தது.

டொக்டர் வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். கால் வீங்கியது. பழைய குளிசைதான் சரி என்றுவிட்டார். அதை அட்டையிலிருந்து பிரித்து ஒரு போத்தலில் போட்டு அவளிடம் கொண்டு போனேன்.

"இது அது இல்லைத்தானே?"

"இல்லையப்பா, இது வேற."

உடனே வாயைத் திறந்தாள். ஐயோ, அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது தினமும் அதே கேள்வி, அதே பதில்.

போன வெள்ளிக்கிழமை இடது கையில் பால் செம்போடு வெளிக்கிட்டு நின்றாள். "மருந்து மாறினதுக்கு நாகதம்பிரானுக்குப் பால் வைக்கவேணும். கூட்டிக்கொண்டு போங்கோ."

போனோம். புற்றடியில் அவளுக்குக் குனிய ஏலவில்லை. செம்பை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள்தானே டொக்டரோட கதைச்சு மாத்தினீங்கள். நீங்களே ஊத்துங்கோ."

ஊற்றினேன்.